காலா, சைக்கிளா? ரோட் பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், பொள்ளாச்சியிலிருந்து வாளையாறு, கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் ஓட்டுபவர்கள், ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறுபவர்கள், தெற்கே போடி, கம்பத்திலிருந்து மூணாறுக்கும் குமுளிக்கும் ஏறுபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு வரும் இடத்தில் எல்லாம் ஒரே ஆளை வைத்துக்கொண்டோம்: எடை 70 கிலோ, வண்டி 10 கிலோ, ஷூ, தண்ணீர், டூல் எல்லாம் சேர்த்து 2 கிலோ, மொத்தம் 82 கிலோ. பெடலில் 180 வாட் மிதிக்கிறார். செயினில் போனது போக பின் சக்கரத்துக்கு 175 வாட் போய்ச் சேருகிறது. ஓரளவு பழகிய ஆள், போட்டிக்காரர் இல்லை.

முதலில் நேராகச் சொல்லுங்கள். உடம்பு முக்கியமா, வண்டி முக்கியமா?

உடம்புதான். ஆனால் தப்பான வண்டி நல்ல உடம்பையும் முடக்கிப் போட்டுவிடும். நல்ல வண்டியை விற்றுவிட்டு அதைவிட உயர்ந்த வண்டி வாங்குவதில் கிடைப்பது சொற்பம். பொருந்தாத கியர், பொருந்தாத சீட் உயரம், காற்று இறங்கிய டயர், துருப்பிடித்த செயின் ஆகியவற்றைச் சரிசெய்வதில் கிடைப்பது அதிகம், செலவோ குறைவு. கடைக்குப் போகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு போகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

வண்டி எடையை 2 கிலோ குறைத்தால் மலையில் எவ்வளவு நேரம் மிச்சம்?

20 கி.மீ. நீளம், சராசரி 5 சதவீத ஏற்றம், அதாவது 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முந்தல் சோதனைச் சாவடியிலிருந்து போடிமெட்டு ஏறும் பாதை கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

நம் ஆள் இதை மணிக்கு சுமார் 13.4 கி.மீ. வேகத்தில், ஏறக்குறைய 89 நிமிடத்தில் முடிப்பார். வண்டியை 10 கிலோவிலிருந்து 8 கிலோவாக்கினால் ஒன்றேமுக்கால் நிமிடம் மிச்சமாகும். வண்டி அதேதான், ஆனால் காலில் 10 சதவீதம் வலு கூடியிருந்தால் மிச்சம் ஏழு நிமிடம்.

அந்த 2 கிலோவைக் குறைக்க வண்டியின் விலை பல மடங்காகும். முறையான பயிற்சி இல்லாமல் இதுவரை ஓட்டியவருக்கு 10 சதவீத முன்னேற்றம் என்பது இரண்டு மூன்று மாத ஒழுங்கான பயிற்சியில் எட்டக்கூடியது. சமதளத்தில் 2 கிலோ குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். மணிக்கு 0.1 கி.மீ.கூடத் தேறாது.

அப்படியென்றால் பெரிய போட்டிகளில் வண்டிக்கு ஏன் அவ்வளவு செலவு செய்கிறார்கள்?

அங்கே எல்லாருடைய காலும் ஏறத்தாழ ஒரே தரம். மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். எடையில் அவர்களுக்கு விதியே இருக்கிறது: உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ 2000-ல் கொண்டுவந்த விதிப்படி போட்டி வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. 1937 வரைக்கும் டூர் டி பிரான்ஸில் கியர் மாற்றும் டீரெயிலருக்கே அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வண்டியால் பெரிய வித்தியாசம் வராது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் தனியாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற 'ஒரு மணி நேரச் சாதனை'யின் கதை நல்ல பதில். 1972-ல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டினார். 1996-ல் கிறிஸ் போர்ட்மேன், கையை முன்னால் நீட்டிப் படுத்த மாதிரியான 'சூப்பர்மேன்' நிலையில், மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார். பிறகு மெர்க்ஸ் காலத்து வடிவ வண்டியில் ஓட்டினால்தான் அந்தச் சாதனை செல்லும் என்று யுசிஐ விதி வகுத்தது. 2000-ல் அதே போர்ட்மேன், அதே மான்செஸ்டரில், அந்த வடிவ வண்டியில் எட்டியது 49.441 கி.மீ. மெர்க்ஸைவிட பத்தே மீட்டர் கூடுதல்! நாலு வயது கூடியிருந்ததையும் கழித்துக்கொண்டாலும், ஏழு கி.மீ. வித்தியாசத்தின் பெரும்பகுதி காற்றை எப்படிக் கிழித்தார் என்பதில்தான் இருக்கிறது. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், 24.5 கி.மீ. தனிநபர் நேர ஓட்டத்தில் கிரெக் லெமாண்ட், கையை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட உதவும் ஏரோ பார் மாட்டிக்கொண்டு ஓட்டி, 50 வினாடி பின்தங்கியிருந்த நிலையிலிருந்து 8 வினாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றதும் இதே கதைதான்.

இரண்டிலும் வேலை செய்தது எடை இல்லை, உட்காரும் நிலை. அதற்கு உங்களிடம் இருக்கும் வண்டியே போதும்.

என்னிடம் இருப்பது சஸ்பென்ஷன் வைத்த எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). அதிலேயே பயிற்சி செய்தால் போதாதா?

உடம்பைத் தேற்றப் போதும். ரோட் பைக் குழுவோடு சேர்ந்து ஓட்டப் போதாது. நம் ஆள் சமதள ரோட்டில் ரோட் பைக்கில் மணிக்கு 32 கி.மீ. போகும் அதே உழைப்பில், முள் டயர் போட்டு நிமிர்ந்து உட்காரும் எம்டிபியில் 26, 27-ஐத் தாண்ட மாட்டார். வண்டியின் ரகம் மாறினால் வித்தியாசம் பெரிது. ஒரே ரகத்துக்குள் விலை மாறினால் வித்தியாசம் சிறிது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதி வாக்குவாதம் நடக்கிறது.

உடனே புது வண்டி வாங்க முடியாதவர்கள் முள் டயரைக் கழற்றிவிட்டு, ரிம்முக்குப் பொருந்தும் வழுவழுப்பான டயர் போடுங்கள். 26 அங்குல ரிம் என்றால் 1.5 அங்குல அளவு சரி. முன் சஸ்பென்ஷனில் லாக் இருந்தால் பூட்டுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் வளையங்களை மேலே மாற்றி ஹேண்டிலை ஒன்றிரண்டு செ.மீ. இறக்குங்கள். வேகத்தில் உள்ள இடைவெளியில் பாதியை இது அடைத்துவிடும்.

கணவாய்க் காற்றுக்கு ஏரோ வீல் வாங்கலாமா?

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, காற்று மேற்கிலிருந்து வரும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளும். மார்கழி, தையில் அப்படியே புரண்டு கிழக்கிலிருந்து வரும். அப்போது போகும்போது பறந்து போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும். சக்தியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாமல் பலரும் மாட்டிக்கொள்வது இந்த மாதங்களில்தான்.

மணிக்கு 18 கி.மீ. எதிர்க்காற்றில் நம் ஆள் பிரேக் நெம்புகோலின் மேல் பிடியான ஹூடைப் பிடித்து நேராக உட்கார்ந்தால் வேகம் 22 கி.மீ.; ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்து முழங்கையை மடக்கினால் 23. பைசா செலவில்லை. முன்னால் ஒருவர் காற்றை வாங்க, பின்னால் ஒட்டிப் போனால் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும். மூன்று பேர் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் வந்து மாறிக்கொண்டால் எந்த வீலும் அதற்கு ஈடாகாது. ஆனால் நான்குவழிச் சாலையில் இதெல்லாம் ஒற்றை வரிசையில், ஓரக்கோட்டுக்கு இடது பக்கம் மட்டும்.

ஏரோ வீல் என்று விற்கும் 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் இந்த வேகத்தில் மிச்சம் பிடிப்பது சில வாட்தான். அதோடு ஒரு தொந்தரவும் இலவசமாக வரும். தென்னந்தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் பக்கக் காற்று சட்டென்று முன் வீலைத் தள்ளும். லாரி கடந்து போகும்போது ஒரு கணம் காற்று நின்று, மறுகணம் மொத்தமாக அறையும். 55 கிலோ எடையுள்ளவர் ஆழமான முன் வீலோடு அங்கே படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பின்னால் ஆழமானதும் முன்னால் 35 மி.மீ.க்குள்ளும் வையுங்கள்.

மலை ஏறும்போது முழங்கால் வலிக்கிறது. உடம்பில் வலு இல்லையா, வண்டி சரியில்லையா?

பெரும்பாலும் கியர். இந்தப் பக்கத்து மலைகளுக்கு உடம்பும் வண்டியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் கியர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

8 சதவீத ஏற்றத்தில் நம் ஆளின் வேகம் மணிக்கு 9.2 கி.மீ. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 மிதி (பெடலின் முழுச் சுற்று) வரும். பின்னால் 34 பல் போட்டால் 73 மிதி. வேகமும் உழைப்பும் அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்காலில் விழும் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆயிரக்கணக்கான மிதிகள். அந்த ஆறில் ஒரு பங்கு எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள்.

இப்போது சக்கரத்தில் 130 வாட் மட்டும் சேர்க்கும், அதே எடையுள்ள புதியவரைப் பாருங்கள். அதே ஏற்றத்தில் அவர் வேகம் 6.9 கி.மீ. 34-க்கு 28 கியரில் நிமிடத்துக்கு 45 மிதிதான் வரும். அது சைக்கிள் ஓட்டுவது இல்லை, படி ஏறுவது. 34-க்கு 34-ல் 55 மிதி. முன்னால் 30 பல் இருந்தால் 62. வலு குறைந்தவருக்குத்தான் இளகிய கியர் அதிகம் தேவை. ஆனால் கடையில் அவருக்குத் தள்ளிவிடப்படுவது போட்டிக்காரரின் கியர். 'பெரிய கேசட் (பின் பல் சக்கர அடுக்கு) போட்டால் கேவலம்' என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

வளைவுகளில் இன்னொன்று. இடது கொண்டை ஊசியின் உள்மூலைதான் மிகச் செங்குத்து. அதற்குள் நுழையும் முன்பே, ஒரு பத்து மீட்டருக்கு முன்னால், கியரை இறக்கிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் துள்ளும், சில நேரம் அறுந்தும் போகும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. அதை நம்பி வலது பக்கம் போய்விடாதீர்கள், இறங்கி வரும் பேருந்துக்கு அந்த வளைவில் முழு ரோடும் தேவைப்படும்.

கேசட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

சில வண்டிகளில் போதும். மாற்றும் முன் பார்க்க வேண்டியவை:

முதலில், உங்கள் பின் டீரெயிலர் அதிகபட்சம் எத்தனை பல்லை ஏற்கும் என்பது. பழைய குட்டைக் கூண்டு டீரெயிலர்கள் பலவும் 28-ஓடு நின்றுவிடும். நடுத்தரக் கூண்டு என்றால் 32, 34 வரை போகும். அடுத்து, பின் வீலில் இருப்பது கேசட்டா, திருகும் ஃப்ரீவீலா என்று பாருங்கள். ஏழு கியர் உள்ள விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான், அதைக் கழற்றும் டூலே வேறு.

கேசட் மாற்றிவிட்டுப் பழைய செயினையே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. 28 பல்லுக்கு வெட்டிய செயின் 34 பல்லுக்குப் பத்தாது. தெரியாமல், முன்னால் பெரிய வட்டத்தில் இருக்கும்போது பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் விறைத்து, டீரெயிலரோ அது தொங்கும் ஹேங்கரோ உடையும். அளவெடுக்கும் முறை: செயினை டீரெயிலருக்குள் விடாமல், முன் பெரிய வட்டத்தையும் பின் பெரிய பல்லையும் நேராகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து ஒரு அங்குலம், அதாவது ஒரு உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும், கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிறகு டீரெயிலரின் 'பி' திருகைச் சுழற்றி, அதன் மேல் ஜாக்கி வீலுக்கும் (சின்னப் பல் சக்கரம்) பெரிய பல்லுக்கும் இடையே 5, 6 மி.மீ. இடைவெளி வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் மலையில் கடைசிக் கியரில் கரகரவென்று உரசும், அந்தச் சத்தம் வருவது எப்போதும் திரும்ப முடியாத இடத்தில்தான்.

சீட் உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, உட்காரும்போது சீட் அழுத்தும் அளவுக்கு மேலே ஏற்றி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைக்கு அளவெடுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. வந்தால் 68.9 செ.மீ. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயின் போக்கிலேயே, அந்த உயரம். இது தொடக்கப் புள்ளி மட்டும்தான். அங்கிருந்து 3 மி.மீ., 5 மி.மீ. என்று நகர்த்தி, இரண்டு மூன்று சவாரி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு என்று கொள்ளலாம். பின்பக்கம் வலித்தால், அல்லது பின்னால் வருபவர் உங்கள் இடுப்பு இடவலமாக ஆடுவதாகச் சொன்னால், உயரம் அதிகம். சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சக் கோடு ஒன்று இருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்ற வேண்டியிருந்தால் அந்த ஃபிரேம் உங்களுக்குச் சின்னது.

டயரில் எவ்வளவு காற்று?

70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பிஎஸ்ஐ, 28 மி.மீ.யில் 70 முதல் 80, 32 மி.மீ.யில் 55 முதல் 65. பின்னால் முன்னைவிட 5 கூடுதல். மழையில் 5 குறையுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவையும் ரிம் தாங்கும் அளவையும் மீறாதீர்கள். கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால் 72.5 பிஎஸ்ஐ-தான் எல்லை. கல்லுக் கல்லாக 120 அடித்துக்கொண்டு போவது பழைய நம்பிக்கை. எஸ்டேட் ரோட்டில் அந்த டயர் உருளாது, குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் நீங்கள் மிதித்த வாட்தான்.

நல்ல டயருக்கும் விலை குறைந்த தடித்த டயருக்கும் உள்ள உருளும் தடை வித்தியாசத்தில் சமதளத்தில் மணிக்கு அரை கி.மீ. கிடைக்கும். வண்டியில் காசு போட வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது எங்கள் கட்சி. வாங்கும் முன், 28 மி.மீ. உங்கள் ஃபிரேமுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் நுழையுமா, சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி இருக்குமா என்று பாருங்கள்.

பஞ்சர் பற்றி ஒரு சொல். இங்கே எதிரி சீமைக்கருவேல முள்ளும், வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித் துணுக்கும். கம்பி முடி மாதிரி இருக்கும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றியவுடன் காற்றடிக்காமல், ஓட்டை இருந்த இடத்தை டயரோடு பொருத்திப் பார்த்து, உள்பக்கம் துணியைச் சுற்றி இழுங்கள்; நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும். அதை எடுக்காமல் போட்ட புது டியூப் ஒரு கி.மீ.கூட வராது. ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் ரோட் பைக் டியூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குச் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

செயினை எப்போது மாற்றுவது?

ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள், ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடுவுக்கு, சரியாக 12 அங்குலம் இருக்கும். கடைசி ஆணி 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும். வண்டி எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், புழுதியை இழுத்து அரைக்கும் பசையாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே கழுவத்தான் ஆகும், எண்ணெய்க்கு மாற்றாகாது. கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். உள்ளே போனதுதான் வேலை செய்யும்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் முடியும். எப்படிப் பயிற்சி செய்வது?

தாராளமாகப் போதும். செவ்வாய் ஒரு மணி நேரம்: 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, பிறகு நாலு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று நாலு சுற்று, மிச்ச நேரம் இளைப்பாறல். 'கடினம்' என்றால் இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவு. ஆனால் நாலாவது சுற்றும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிய வேண்டும். வியாழன் ஒன்றேகால் மணி நேரம்: 15 நிமிடமாக இரண்டு தடவை, விட்டு விட்டுப் பேச முடிகிற அளவில் சீராக. சனி முக்கால் மணி நேரம் சும்மா சுற்றல். ஞாயிறு மூன்று மணி நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் வேகம். மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாவது வாரம் பாதியாகக் குறையுங்கள். வலு ஏறுவது அந்த ஓய்வு வாரத்தில்.

குழு சவாரியில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. மெதுவாகப் போக வேண்டிய ஞாயிறு போட்டியாகி, கடினமாகப் போக வேண்டிய செவ்வாய் உடம்பு அசந்து மந்தமாகிவிடும். எல்லா நாளும் நடுத்தரமாகப் போனால் எந்த நாளும் பயனில்லை.

பக்கத்தில் மலை இல்லை என்று சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஆடிக் காற்றுக்கு எதிரே பெரிய கியரில், நிமிடத்துக்கு 60, 65 மிதியில் 15 நிமிடம் நிறுத்தாமல் மிதியுங்கள். மிதியை விட்டவுடன் வேகம் செத்துப்போவது மலையிலும் எதிர்க்காற்றிலும் ஒன்றே.

பவர் மீட்டர் (மிதிக்கும் வாட்டை அளக்கும் கருவி) தேவையா?

முதல் வருடம் வேண்டாம். நெஞ்சுப் பட்டை இதயத்துடிப்பு மானியும், ஒரே பாதையில் எடுத்த நேரக் குறிப்பும் போதும். வாங்கியவர்கள் 20 நிமிடம் முழு மூச்சில் ஓட்டி, சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எஃப்டிபி, அதாவது ஒரு மணி நேரம் ஏறக்குறைய தாங்கும் வாட், என்று வைத்துக்கொள்ளலாம். அதை எடையால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் மலையில் உங்கள் ஜாதகம்.

வண்டியை விடுங்கள், என் எடையைக் குறைத்தால்?

கொழுப்பில் 5 கிலோ குறைந்தால் முன்னே சொன்ன 20 கி.மீ. ஏற்றத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் மிச்சம், வண்டியின் 2 கிலோவைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். நீண்ட சவாரியில் பட்டினி கிடந்து குறைப்பவர்களுக்கு எடையோடு காலின் வலுவும் சேர்ந்து போகும்.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது?

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசி எடுக்கும் முன்பே. நடுத்தர அளவு நேந்திரம் பழம் ஒன்றில் கிட்டத்தட்ட 35 கிராம் இருக்கும். 30 கிராம் வெல்லம் ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரைதான். கடலை மிட்டாய் மெதுவாகச் செரிக்கும், அதை ஏற்றத்துக்கு முன் தின்ன வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி. பொள்ளாச்சி இளநீர் அருமைதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். இளநீரை மட்டுமே நம்பி வெயிலில் ஓட்டியவர்களுக்குக் கடைசியில் தலை கிறுகிறுக்கும். 750 மி.லி. பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இதைவிட விலை உயர்ந்த பொடி உங்களுக்கு அதிகம் ஒன்றும் செய்யாது.

உடம்பைவிட வண்டி முக்கியமாகும் இடம் உண்டா?

உண்டு, இறக்கம். வால்பாறையிலிருந்து திரும்பும்போது உங்கள் எஃப்டிபியை யாரும் கேட்பதில்லை. 82 கிலோ எடை 700 மீட்டர் உயரம் இறங்கினால் 560 கிலோஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு ரிம்மில் சூடாக இறங்கும். ரிம் பிரேக் வண்டியில் டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம்மாக இருந்தால் பிசின் இளகி ரிம்மே விரியலாம். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். வளைவுகளுக்கு இடையே ரிம் ஆறட்டும்.

ஏறும் முன்பே பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் அலுமினியத் துகள் மின்னினால் ஊசியால் கிள்ளி எடுங்கள்; அது ரிம்மைச் சீவிக்கொண்டிருக்கிறது. கட்டையின் பள்ளம் மறைந்திருந்தால் மாற்றுங்கள். மழையில் ரிம் பிரேக் பிடித்தவுடன் வேலை செய்யாது. முதல் சில சுற்று தண்ணீரைத் துடைப்பதிலேயே போகும், அதற்குத் தூரம் விட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்குக்குக் காசு கூடக் கொடுப்பது நியாயம் என்றால் அது இந்த மழை மலைகளுக்காகத்தான்.

ஹைப்ரிட் வண்டியில் 200 கி.மீ. பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய, போட்டியல்லாத நீண்ட தூரச் சவாரி) முடிக்க முடியுமா?

முடியும். நேர வரம்பு 13 மணி 30 நிமிடம். நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 15 கி.மீ. கூட வேண்டாம். இங்கே தோற்கடிப்பது வேகம் இல்லை, உள்ளங்கை மரத்துப்போவதும் உட்காரும் இடம் புண்ணாவதும்தான். நேரான ஹேண்டிலுக்குப் பக்கக் கொம்பு மாட்டி கையை மாற்றிப் பிடியுங்கள். பேடிங் வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடாதீர்கள். முன் விளக்கு, பின் விளக்கு, பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். புது சீட், புது ஷூ எதையும் அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள்.

பழைய கார்பன் வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

அளவு சரியாக இருந்தால் மட்டும். உங்கள் அளவுக்கு ஒரு சைஸ் பெரிய கார்பனைவிட உங்கள் அளவிலான அலுமினியம் வேகமானது. கீழ்க் குழாயின் அடிப்பக்கம், கிராங்க் கூடு, பின் வீல் மாட்டும் முனை, சீட் கிளாம்ப் சுற்றுப்புறம் ஆகிய இடங்களை ஈரத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயின்ட் கீறல் நேர்கோட்டில் இல்லாமல் கிளை பிரிந்தால் விட்டுவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்றால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது, அது சின்னச் செலவு. கடைசியாக, விலை பேசும் முன், சீட் போஸ்ட்டைத் தளர்த்தி மேலும் கீழும் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். வியர்வையில் ஊறி, அலுமினியப் போஸ்ட் கார்பன் குழாய்க்குள் இறுகிப் போயிருந்தால் அதை ஃபிரேமுக்குச் சேதமில்லாமல் எடுக்க நல்ல மெக்கானிக்கே திணறுவார். எடுக்க முடியாத போஸ்ட்டில் உங்கள் சீட் உயரம் முன்னாள் உரிமையாளரின் உயரம்தான்.